அரண்மனைக்குள் ஓர் ஊர்

ஸ்பிலிட், குரோஷியா

அன்புள்ள நண்பருக்கு,

ஊருக்குள் அரண்மனையைத் தேடி வந்த எனக்கு, அரண்மனைக்குள்தான் ஊரே இருக்கிறது என்பது விளங்க ஒரு நாழிகை பிடித்தது. 305-ஆம் ஆண்டில் தாமாகவே சிங்காதனத்தைத் துறந்த டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி, எதிரிலுள்ள பிராச் தீவின் வெண்கல்லைக் கொண்டு, பாதி கோட்டையாகவும் பாதி மாளிகையாகவும் கட்டுவித்திருந்த இந்தக் கடற்கரை வாசஸ்தலத்துக்கு வந்து சேர்ந்தார். மறுபடியும் ஆள வருமாறு அழைத்தவர்களிடம், தம் கையால் பயிரிட்ட காய்கறிகளைக் கண்டிருந்தால் இப்படிக் கேட்கமாட்டார்கள் என்றாராம். காய்கறிப் பாத்திக்கு இத்தனை உயரமான மதில் எதற்கு என்று எனக்குத் தோன்றாமலில்லை.

ஏழாம் நூற்றாண்டில், அருகிலிருந்த சலோனா மாநகரம் அவார்களாலும் ஸ்லாவியர்களாலும் சூறையாடப்பட்டபோது, உயிர் தப்பிய ஜனங்கள் இந்த மதிலுக்குள் புகுந்து, தாழ்வாரங்களைத் தெருக்களாகவும் கூடங்களை வீடுகளாகவும் ஆக்கிக்கொண்டார்கள்; அன்று குடியேறிய ஊர் இன்றளவும் காலி செய்யவில்லை.

என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது சக்கரவர்த்தி தமக்கென எழுப்பிய எண்கோண சமாதி மண்டபம். கிறிஸ்தவர்களைக் கொடுமையாகத் துன்புறுத்திய அவருடைய ஆட்சியில், 304-இல் சலோனாவில் உயிர்ப்பலியானவர் தோம்னியுஸ் என்ற ஆயர். அந்த ஆயரின் பெயராலேயே சமாதி தேவாலயமாகிவிட்டது. சக்கரவர்த்தியின் கல்பேழை இருந்த சுவடு தெரியவில்லை. ஆயினும் மேலே சுற்றியோடும் சிற்ப வரிசையில் அவருடையதும் மனைவி பிரிஸ்காவினுடையதும் என்று கருதப்படும் முகங்கள் மட்டும் தப்பியிருக்கின்றன. தாம் ஒழிக்க முயன்ற மதத்தின் பூஜையைத் தம் சமாதிக்குள்ளேயே நூற்றாண்டுக் கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும்படி ஒரு மனிதருக்கு வேறு எங்கேனும் நேர்ந்ததுண்டா?

1757-இல் ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர், கோட்டையை வேவு பார்ப்பதாக வெனிஸ் அதிகாரிகள் சந்தேகிக்க, சில வாரங்களில் இந்த இடிபாடுகளை அளந்து, 1764-இல் சித்திரப் புத்தகமாக வெளியிட்டார். ஆனால் அவரும் முழுமையாகக் காணாதது நிலவறை. சக்கரவர்த்தியின் அறைகளைத் தாங்குவதற்காக, அவற்றின் அமைப்பையே ஒத்துக் கட்டப்பட்டவை அந்தக் கீழ்க்கூடங்கள். மேலே குடியிருந்தவர்கள் தரையில் துளையிட்டுத் தலைமுறை தலைமுறையாகக் குப்பையையும் கழிவையும் கொட்டி அவற்றை நிரப்பிவிட்டார்கள். சென்ற நூற்றாண்டில் அதை வாரி வெளியேற்றியபோது, கீழே சுவர்கள் குலையாமல் நின்றன. மேலே சக்கரவர்த்தியின் அறைகளில் பெரும்பாலானவை அழிந்துபோயின. அவர் விருந்துண்ட கூடம் எந்த வடிவில் இருந்தது என்பதை நாம் இன்று அறிவது அந்தக் குப்பையின் புண்ணியத்தில்தான்.

மற்றவை நேரில்.

தங்கள் அன்பன்