96-இல் எழும் ரீங்காரம்

பழைய காரை வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயின்ட்டைப் பார்ப்பார்கள், பிறகு அடியில் துருவைத் தேடுவார்கள். நான் பில்களைக் கேட்பேன். டொரன்டோவில் 1991-ஆம் வருடத்து மாஸ்டா மியாட்டா ஒன்றை வாங்கியபோது அதோடு ஒரு தடித்த கோப்பும் வந்தது. சாலையில் உப்புப் போடும் மாதங்களில் வண்டியை வெளியே எடுக்காத, ஒவ்வொரு ரசீதையும் தேதிவாரியாக அடுக்கி வைத்த மனிதர் ஒருவர் ஓட்டிய கார். அதை விற்க அவருக்கு மனமே இல்லை. தொண்ணூறைத் தாண்டினால் இருக்கைக்கு அடியிலிருந்து எழுந்த அதிர்வுதான் அவரை விற்க வைத்தது. சக்கரங்களை பேலன்ஸ் செய்த பில், புது டயர் பில், மறுபடியும் பேலன்ஸ், பின்சக்கர பேரிங், கடைசியாக ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டையே புதிதாகப் போட்ட பில். அத்தனைக்கும் பிறகு அதிர்வு அப்படியே இருந்தது.

பாகம் பாகமாக மாற்றிப் பார்ப்பதை நான் வைத்தியமாக ஏற்பதில்லை. அதிர்வு நமக்குத் தெரியும் இடம் ஒன்று, பிறக்கும் இடம் வேறொன்று. உலோகம் அதை எங்கெங்கோ கடத்திக்கொண்டு போகிறது. ஆனால் அது நொடிக்கு எத்தனை முறை அடிக்கிறது என்பதை எந்த உலோகமும் மாற்றிவிட முடியாது. சுழலும் ஒவ்வொரு பாகமும் தனக்கென்று ஒரு வேகத்தில்தான் சுழல்கிறது. அதிர்வின் எண்ணிக்கை தெரிந்துவிட்டால், அந்த வேகத்தில் சுழல்வது எது என்று கேட்கலாம். ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும்.

மியாட்டாவுக்கு இந்தக் கணக்கு எளிது. 185/60 அளவு, 14 அங்குல டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.76 மீட்டர் உருளும். மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. 1.6 லிட்டர் மாடலில் டிஃபரன்ஷியலின் விகிதம் 4.3. ஆகவே ப்ரொபெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 65 முறை சுற்றும். ஐந்தாம் கியரின் விகிதம் 0.814 என்பதால் என்ஜின் 53 முறை. சக்கரத்தில் குறை இருந்தால் 15 ஹெர்ட்ஸ் குலுக்கலாக வரும், ஸ்டியரிங்கில் கை ஆடும். இந்தக் காரில் கை ஆடவில்லை. பின்புறமிருந்து ஒரு ரீங்காரம்தான் எழுந்தது. டயர்களுக்கும் பேலன்ஸுக்கும் செலவழித்த பணம் வீண் என்பது இந்த ஒரு வித்தியாசத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இங்கே நான்காம் கியர் ஒரு பொறி. அது நேரடி கியர், விகிதம் 1. என்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுழலும். நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிப்பதால் என்ஜினுடைய இயல்பான ஒலியும், ஷாஃப்ட்டில் சுற்றுக்கு இரண்டு முறை எழும் அதிர்வும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். எது எதிலிருந்து வருகிறது என்று எந்தக் காதாலும் பிரிக்க முடியாது. ஐந்தாம் கியரில் இரண்டும் விலகிவிடும். விடியற்காலை 407-ஆம் நெடுஞ்சாலை காலியாக இருந்தபோது ஐந்தாம் கியரில் ஓட்டி, பிறகு நியூட்ரலில் உருளவிட்டேன். என்ஜின் ஐடிலுக்கு இறங்கியது. ரீங்காரம் சற்று மெலிந்தது, ஆனால் நிற்கவில்லை. என்ஜின், ஃப்ளைவீல், கிளச் மூன்றும் குற்றமற்றவை.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. ரீங்காரம் 65 ஹெர்ட்ஸா, அதன் இரட்டிப்பான 130-ஆ? 65 என்றால் ஷாஃப்ட் சுற்றுக்கு ஒருமுறை உதறுகிறது, அதாவது எடை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. 130 என்றால் சுற்றுக்கு இருமுறை, அதற்குக் காரணம் வேறு. பக்கத்து இருக்கையில் என் மனைவி இருந்தாள். சிறுவயது முதல் பாட்டுக் கற்றவள். கைப்பேசியில் சுருதிப் பெட்டியைப் போட்டு, கட்டையை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டாள். நான் ஜிபிஎஸ்ஸில் 96-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "ஒரு கட்டைங்க, ஆம்பளை சுருதி. மத்திம ஸ்தாயி ஷட்ஜமேதான், மந்தரம் இல்லை," என்றாள். ஒரு கட்டையில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம் சுமார் 130.8 ஹெர்ட்ஸ். வீட்டுக்கு வந்து, மைக்கில் பதிந்ததை அலைவரிசை காட்டும் செயலியில் பார்த்தேன். 130-இல் ஒரு கூர்மையான முகடு. 65-இல் மிகச் சிறிய மேடு. சரியான காது அளவுகருவிக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்று நான் நம்புகிறேன். பழைய மெக்கானிக்குகள் ஸ்க்ரூடிரைவரை என்ஜின்மீது ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பதும் இந்த வித்தைதான்.

சுற்றுக்கு இருமுறை என்பது கிராஸின் கையொப்பம். ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டைத்தான் நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் கிராஸ் என்கிறோம். பதினேழாம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் இதை ஆராய்ந்ததால் அவர் பெயராலும் வழங்குகிறது. சாய்வான கோணத்தில் சுழற்சியைக் கடத்தும்போது கிராஸ் ஒரே சீராகச் சுழல்வதில்லை. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்துகிறது, இரண்டு முறை பிந்துகிறது. 10 பாகை சாய்வில் ஒன்றரை சதவீதம் ஏற்றமும் இறக்கமும். 3 பாகையில் 0.14 சதவீதம்தான், ஆனால் நிமிடத்துக்கு 3,900 சுற்றில் அந்தச் சிறு இழுப்பு 7,800 முறை நிகழ்கிறது. இதற்குப் பரிகாரமும் கிராஸிலேயே இருக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டின் கோணமும் சமமாக இருந்தால் முன்னது செய்த பிழையைப் பின்னது ரத்து செய்துவிடும். கியர் பாக்ஸின் அச்சும் டிஃபரன்ஷியலின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்.

மியாட்டாவில் அந்த இணையைக் காப்பது ஒரு நீளமான அலுமினியச் சட்டம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் இந்தக் கார் வெளிவந்தபோது, தோஷிஹிகோ ஹிராய் தலைமையிலான குழு அதில் செய்திருந்த அழகான காரியங்களில் இதுவும் ஒன்று. குதிரையும் வீரனும் ஓருடலாக வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. காலால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்ட கணத்தில் பின்சக்கரம் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக கியர் பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இந்தச் சட்டத்தால் இறுகக் கட்டிவிட்டார்கள். கியர் பாக்ஸைத் தாங்க வழக்கமான குறுக்குச்சட்டம் இந்தக் காரில் கிடையாது. எனவே கியர் பாக்ஸை இறக்கும் எவரும் இதைக் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டும்போது மேனுவலில் உள்ள அளவுக்கு உயரத்தை வைத்து முடுக்க வேண்டும்.

கோப்பை மறுபடி புரட்டினேன். அதிர்வைப் பற்றிய முதல் பில்லுக்குச் சரியாக முந்தையது கிளச் மாற்றிய பில்.

ஸ்கார்பரோவில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சிறிய கராஜ் நடத்துகிறார். கோப்பை அவர் முன் வைத்தேன். கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு கிளச் பில்லை விரலால் தொட்டு, "அப்ப இதிலதான் தொடங்கினது, தம்பி. கியர் பொக்ஸ் இறக்கேக்க சட்டத்தைக் கழட்டியிருப்பினம். திரும்பப் பூட்டேக்க உயரம் பாத்திருக்க மாட்டினம்," என்றார். அந்த வேலையைச் செய்த கராஜ் எது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காரைத் தூக்கி, கோணமானியை முதலில் கியர் பாக்ஸின் பின்முகத்தில் வைத்தார், பிறகு டிஃபரன்ஷியலில். இரண்டும் இணையாக இல்லை, கியர் பாக்ஸின் வால் தாழ்ந்திருந்தது. புது ஷாஃப்ட்டில் குறை இல்லை, கிராஸில் ஆட்டம் இல்லை, பேரிங்கும் நன்றாக இருந்தது. தனித்தனியாக எடுத்துச் சோதித்தால் எல்லாமே தேறிவிடும். பிழை அவற்றின் நடுவே இருந்த கோணத்தில்தான் இருந்தது. எத்தனை பாகங்களை மாற்றினாலும் அந்தக் கோணம் மாறப் போவதில்லை என்பதை அந்தக் கோணமானியில் கண்ணால் பார்த்தது எனக்குப் பெரும் நிறைவு. போல்ட்டுகளைத் தளர்த்தி, கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து மெதுவாக உயர்த்தினார். மேனுவல் சொன்ன அளவு வந்ததும் டார்க் ரெஞ்சால் முடுக்கினார். கடைசியாக, அடுத்து யார் கழற்றினாலும் தெரியட்டும் என்று ஒவ்வொரு போல்ட் தலையிலும் சட்டத்திலும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டால் கோடு இழுத்தார். இதற்கென்று எந்த பில்லிலும் ஒரு வரி இருக்காது.

96-இல் ஒரு கட்டை போய்விட்டது. செயலியில் 130-இன் முகடு தரையோடு ஒட்டிக்கொண்டது. 65-இல் இருந்த சிறு மேடு மட்டும் அப்படியே இருக்கிறது. ஷாஃப்ட்டில் அந்த அளவு எடை வித்தியாசம் இயல்புதான், காதுக்குக் கேட்பதில்லை. முன்னால் உள்ள என்ஜின் மவுன்ட் ரப்பர்கள் காரோடு பிறந்தவை. அவை அமுங்கினால் என்ஜின் தாழும், சட்டத்தின் உயரமும் மாறும். வசந்தத்தில் அவற்றை மாற்றிவிட்டு, சட்டத்தின் உயரத்தை இன்னொரு முறை அளந்து பார்க்க வேண்டும்.