சுரண்டிக்கு அப்புறம்தான் பிரஷ்

ஏப்ரல் 15 பிறந்ததும் சென்னை காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போவதை நிறுத்திவிடும். கிழக்குக் கடற்கரைக்கு ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலைக்குத்தான் ஓய்வே தவிர துறைமுகத்துக்கு ஓய்வு இல்லை. படகைக் கரையேற்றி, இற்றுப்போன பலகையை மாற்றி, பலகை இடுக்குகளில் கலப்பத்து அடைத்து, பெயின்ட் அடித்து முடிக்க வருடத்தில் கிடைக்கிற ஒரே நீண்ட அவகாசம் அது. வீட்டு வேலிக்கோ கேட்டுக்கோ எந்த பிரஷ் வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் ஹார்டுவேர் கடைக்குப் போகுமுன் இங்கே ஒரு நடை வந்து போகலாம். உப்புக்காற்றில் நிற்கும் மரத்துக்கும் இரும்புக்கும் எந்தக் கருவி ஒத்துவரும் என்பது இந்தப் பெயின்டர்களுக்குக் கைப்பாடம்.

நான் போன காலையில் ஒருவர் கையிலும் பெயின்ட் பிரஷ் இல்லை. படகின் அடிவயிற்றுக்குக் கீழே மல்லாந்தபடி இரண்டு பேர் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பாசியும், படகில் ஒட்டி வளரும் கொட்டலசும் பொலபொலவென்று மணலில் உதிர்ந்தன. பலகையின் பரப்புக்கு அகலத் தகடு, பலகையும் பலகையும் சேரும் இணைப்புக்குக் குறுகிய தகடு, துருப்பிடித்த போல்ட் தலைக்குக் கம்பி பிரஷ். கம்பி பிரஷ்ஷை மரத்தின் மேல் வைக்க மாட்டார்கள். அது மர நாரைப் பிய்த்துவிடும், பிய்ந்த நாரெல்லாம் பெயின்டுக்கு மேலே முள்முள்ளாக எழும்பி நிற்கும். சுரண்டியைப் பிடிக்கும் சாய்வும் முக்கியம். செங்குத்தாகப் பிடித்தால் மரத்தில் வரி விழும்; படுக்கப் போட்டால் பழைய பெயின்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடும்.

சுரண்டி முடித்ததும் உப்புத்தாள் போடுவார்கள் என்று பார்த்தால், நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பெயின்டுக்கு அடியில் உப்பு தங்கினால் அது ஈரத்தை உள்ளே இழுக்கும், சில மாதத்தில் கொப்புளம் கிளம்பும். திருவொற்றியூர், எண்ணூர் வீட்டுக் கேட்டுகளில் புதுப் பெயின்ட் அடுத்த மழைக்குள் தோல் உரிவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். கடற்கரையை ஒட்டிய வீட்டில் வாளியும் நாரும் பெயின்ட் கருவிகளோடு சேர்ந்தவை.

எண்ணூர்க்காரர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது படகும் வலையும் கறுத்துப்போயின. எண்ணெய் படிந்த பரப்பில் எடுத்ததும் உப்புத்தாள் போட்டால் எண்ணெய் மரத்துக்குள்ளேதான் இறங்கும். முதலில் துணியும் கரைப்பானும், பிறகு சோப்புத் தண்ணீர், அதற்கப்புறம்தான் தேய்ப்பு.

ஒருவழியாக பிரஷ் வந்தது. பலகைக்கு நாலு இஞ்ச், ஓரத்துக்கு இரண்டு இஞ்ச், பதிவு எண் எழுத ஒரு இஞ்சுக்கும் குறைவானது. ஒரு பெயின்டர் புது பிரஷ்ஷை உள்ளங்கையில் நாலைந்து தடவை அறைந்து, விரலால் கோதி, உதிர்ந்த முடிகளை ஊதித் தள்ளினார். “முடி கொட்ற பிரஷ்ஷ வாங்கிட்டு, பெயின்ட்ட கொற சொல்லாதீங்க சார்” என்றார். முடியின் நுனியைப் பிரித்துக் காட்டினார். நல்ல பன்றிமுடி பிரஷ்ஷில் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். பெயின்டைப் பிடித்து வைத்து, கோடு தெரியாமல் பரப்புவது அந்தப் பிளவுதான். எனாமல் போன்ற ஆயில் பெயின்டுக்கு அதுவே சரி. தண்ணீரில் கரையும் பெயின்டில் போட்டால் பன்றிமுடி ஊறித் துவண்டுவிடும், அதற்கு நைலான் பிரஷ் வேண்டும்.

ரோலர் இங்கே இரும்புப் படகுக்கு. தகடு சமமாக இருப்பதால் குட்டை மயிர் ரோலர் வேகமாக ஓடும். மரப் படகின் இணைப்புகளுக்குள் அது இறங்காது. மேட்டில் பூசிப் பள்ளத்தை விட்டுவிடும். தண்ணீர் நுழைவது அந்தப் பள்ளத்தில்தான். பட்டிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு அடித்த மரவேலிக்கும் இதே கணக்கு: ரோலரால் முகத்தை மூடலாம், பட்டியின் பக்கவாட்டையும் வெட்டுமுனையையும் பிரஷ்ஷால்தான் நிரப்ப வேண்டும். ஸ்பிரே எடுத்தால் மதியக் கடற்காற்று பக்கத்துப் படகுக்கும் சேர்த்து அடித்துவிடும்.

நீர்மட்டத்துக்குக் கீழே பூசும் கொட்டலசுத் தடுப்புப் பெயின்ட் தனி ரகம். முன்பு இதில் வெள்ளீயம் சேர்ந்த நச்சு ரசாயனம் இருந்தது. அதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 2008 செப்டம்பர் 17 அன்று அமலுக்கு வந்தது. இப்போது பெரும்பாலும் தாமிர ஆக்சைடு. கனமான பொருள் என்பதால் டப்பாவின் அடியில் தங்கிவிடும். அதற்கான கருவி ஒரு தட்டைக் குச்சி. அடி வரை விட்டுக் கலக்காமல் பூசினால் மேலே இருக்கும் வெறும் நிறம்தான் படகுக்குப் போகும்.

பெயின்டே பூசாமல் மரத்தைக் காக்கிற வழியும் தமிழகக் கடற்கரைக்குப் பழையது. மரத்தோணிகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவார்கள். அது மேலே தோலாக நிற்காமல் மரத்துக்குள் இறங்குவதால் உரிவதற்கு ஒன்றுமில்லை. வேலிக்குப் பூசும் மரச்சாய எண்ணெயின் வேலையும் அதேதான். பிரஷ்ஷால் நார் ஓடும் திசையில் தடவி, மிஞ்சியதைப் பழைய துணியால் துடைக்க வேண்டும், துடைக்காவிட்டால் பிசுபிசுக்கும். முந்திரி எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பதால் கையுறை கட்டாயம்.

1950களில் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு மோட்டார்சைக்கிள் ஆலை பிரஷ்ஷின் இன்னொரு கோடியைக் காட்டியது. புல்லட்டின் பெட்ரோல் டாங்கில் ஓடும் தங்கக் கோட்டைக் கையாலேயே இழுத்துப் பெயர் வாங்கியவர்கள் ஜெயக்குமார், கிஷோர் குமார் சகோதரர்கள். அச்சு வைப்பதில்லை, டேப் ஒட்டுவதில்லை. இத்தகைய கோட்டுக்கு நீளமுடி பிரஷ் வேண்டும்: நீள முடி நிறையப் பெயின்டைச் சுமந்து வரும், கை லேசாக நடுங்கினாலும் அதைக் கோடு வரை கடத்தாது. குட்டை முடியில் பாதி வளைவிலேயே பெயின்ட் தீர்ந்துபோகும்.

தடைக்காலம் முடிந்ததும் படகுப் பெயின்டர்களில் சிலர் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். பழைய கேட்டைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்துத் தேய்ப்பது நல்லது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தைய பூச்சின் தூசியில் ஈயம் இருக்கலாம். கருவி, பெயின்ட், ஆள் எல்லாம் தயாரான பிறகு கூலிப் பேச்சு தொடங்கும். “சொரண்ட்றதுக்கு ஒரு நாளாண்ணே? மேலாக்க ஒரு கோட்டு அட்ச்சிவுட்ருங்க” என்பார் வீட்டுக்காரர். பெயின்டரும் தலையாட்டிவிட்டு டப்பாவைத் திறப்பார். படகு முதலாளி இப்படிக் கேட்பதில்லை. அடிப்பலகை இற்றால் கடலில் நிற்பது அவர் போட்ட முதல்.