காலையில் வரும் சத்தம்

என்னுடையது பழையதாக வாங்கிய 150 சிசி பைக். ஒரு மழைக்காலத்தில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் குறையும். இரண்டு கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் அடங்கிவிடும்.

பட்டறைக்குப் போய்ச் சேரும்போது எஞ்சின் சூடாகியிருக்கும். "சத்தமே இல்லையே மேடம்" என்றார் மெக்கானிக். ராத்திரி வண்டியை விட்டுவிட்டுப் போகிறேன், காலையில் நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்றேன். "ஆயில் மாத்தினா சரியாயிடும்" என்றார். மாற்றினோம். பிறகு டேப்பெட் என்றார். அதையும் பார்த்தாயிற்று. மூன்றாம் முறை தம்பியை உடன் அழைத்துப் போனேன். அவனுக்குக் கியர் வண்டி ஓட்டவே தெரியாது. மெக்கானிக் அவனிடம்தான் கேட்டார்: "என்ன தம்பி கம்ப்ளைன்ட்?"

அதன் பிறகு நானே தேடிப் படித்தேன். கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு முறை சுற்ற வேண்டும். இரண்டையும் இணைப்பது டைமிங் செயின். ஓட ஓட அது தளரும். தளர்வை வாங்கி இறுக்கிப் பிடிப்பது டென்ஷனர். அது பிடிக்காவிட்டால் செயின் ஆடும். முற்றினால் பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் மோதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை ஸ்டார்ட் செய்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டேன். டேப்பெட் மூடியில் சீரான டிக் டிக். சிலிண்டரின் பக்கவாட்டில், செயின் ஓடும் இடத்தில், அந்தக் கடகட. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, சிலிண்டருக்குப் பின்னாலிருந்த இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி டென்ஷனரை எடுத்தேன். அதன் தண்டு வெளியே நீளலாம். அழுத்தினால் உள்ளே போகக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தினேன். போனது.

புதியதை மாட்டும்வரை கிக்கரையோ செல்ஃபையோ தொடவில்லை. டென்ஷனர் இல்லாமல் எஞ்சின் சுற்றினால் செயின் பல் தாண்டிவிடும். மறுநாள் காலை சத்தம் இல்லை.

எல்லாப் பெண்களும் ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்குப் பிடித்திருந்தது, கற்றுக்கொண்டேன். ஆனால் எதையும் கற்பதற்கு முன்பே பாதி விடை என்னிடம் இருந்தது: காலையில் வருகிறது, சூடானால் அடங்குகிறது. இதை முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன்.