காலில் நோவு, கயிற்றில் மருந்தா?

கால் நொந்தால் காரணம் தேடுவது அறிவு. கயிறு தேடுவது வழக்கம். இவ்விரண்டில் எது வெல்லும் என்பதைக் குதிகாலில் கண்டவன் நான்.

கல்லூரி நாளில் பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஓடுவேன். மணலில் குதி புதையப் புதைய, அதற்கு மேலுள்ள தசைநாண் மிகுதியாக இழுபடும். ஒருநாள் வலி கண்டது. ஓய்ந்திருந்தால் வலி ஓடும். ஓடத் தொடங்கினால் வலி திரும்பும். இரண்டாண்டில் மும்முறை! காலையில் எழுந்து வைக்கும் முதலடி முள்மேல் வைத்த அடி. “கண்ணேறு” என்றார் ஒருவர். “மந்திரித்துக் கட்டு” என்றார் மற்றொருவர்.

உண்மை என்ன? ஆடுசதையைக் குதியெலும்போடு பிணைப்பது அந்த நாண். உடலில் அதனினும் வலிய நாண் வேறில்லை. ஆயினும் குதியெலும்புக்கு மேலே 2 முதல் 6 சென்டிமீட்டர் வரை குருதியோட்டம் குறைவு. அங்கே பழுது ஆறுவது மெல்லத்தான். வலி நின்றதாலேயே நாண் வலுப்பெற்றதாகாது. ஓய்வு வலியைத் தணிக்கும், வலுவைத் தராது. வலுக்குன்றிய நாண்மேல் பழைய சுமையை ஏற்றினால் மீண்டும் புண்படாமல் என்ன செய்யும்?

சீனத்து லியூ சியாங் 2004-இல் ஏதென்சு ஒலிம்பிக்கில் தடை ஓட்டத் தங்கம் வென்ற வீரர். 2008-இல் சொந்த மண்ணிலேயே, வலக் குதிநாண் நோவால் ஓடாது வெளியேறினார். அறுவை மருத்துவம் செய்துகொண்டு மீண்டவருக்கு, 2012-இல் இலண்டனில் முதல் தடையிலேயே அந்த நாண் அறுந்தது. அவருக்கும் கயிறு கட்டத் தவறினார்களோ?

தியாகராயநகரில் ஓர் இயன்முறை மருத்துவர் எனக்கு வழி காட்டினார். சுவீடன் நாட்டு ஆல்ஃபிரெட்சன் 1998-இல் வெளியிட்ட பயிற்சி அது. படி விளிம்பில் முன்பாதம் ஊன்றி, நல்ல காலின் துணையால் எழும்பி, நொந்த காலால் மட்டும் குதியை மெல்லக் கீழிறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கியும் அவ்வாறே. காலையும் மாலையும், 12 வாரம்! அவர் ஆய்வில் சேர்ந்த 15 பேரும் ஓட்டத்திற்குத் திரும்பினர். எல்லார்க்கும் இது முழுதும் பலிப்பதில்லை; எனினும் சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றி நாணைப் பழக்குவதே இன்றும் முதன்மையான மருத்துவம். என் கால் தேறியதும் அப்படித்தான். ஆனால் ‘பட்’டென்ற ஓசையோடு வலித்து, நுனிக்காலில் எழ இயலாவிடின் நாண் அறுந்திருக்கலாம். அப்போது படியை நாடாதே தம்பி, மருத்துவரை நாடு!

மயிலையில் என் மாணவி ஒருத்திக்கும் இதே நோவு. கணுக்காலில் கறுப்புக் கயிறு. “பெண்பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?” என்று சுற்றத்தார் தீர்ப்பே கூறிவிட்டனர். நோவு காலுக்கு, தண்டனை கனவுக்கா? அவள் தாயிடம் எல்லாம் விளக்கினேன். “கயிறு அது பாட்டுக்கு இருக்கட்டுமே, சார்” என்றார். “இருக்கட்டும் அம்மா. மருத்துவரிடம் காட்டுங்கள், பயிற்சி மட்டும் ஒருநாளும் நிற்கக் கூடாது” என்றேன். இன்று ஏழாவது வாரம். பள்ளி மாடிப்படியில் அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

இளைஞர்களே! உங்கள் தெருவிலும் ஒரு கால் நொந்திருக்கும். ஏளனம் வேண்டா, காரணத்தைச் சொல்லுங்கள், பயிற்சியைக் காட்டுங்கள், 12 வாரம் துணை நில்லுங்கள். கால் தேறிய பின், கயிற்றைப் பற்றி அவர்களே சிந்திப்பார்கள்.