பொறுத்துக்கொள் என்றோம்

நம் பங்கில் ஓர் இளம்பெண் மாதந்தோறும் வயிற்றுவலியால் துடித்தாள். “சிலுவையாக ஏற்றுக்கொள், மகளே, திருமணமானால் சரியாகிவிடும்” என்று நாமும் அறியாமையால் ஆறுதல் கூறினோம். 6 ஆண்டுகளுக்குப் பின்னரே மருத்துவர் நோயைக் கண்டறிந்தார்: எண்டோமெட்ரியோசிஸ். அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே வளர்வதே இந்நோய். அது அழற்சியையும் வடுக்களையும் உண்டாக்கும்; சிலருக்கு மகப்பேற்றையும் தடுக்கும். பிள்ளை பெறும் வயதுடைய பெண்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரை இது வாட்டுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முற்றாக நீக்கும் மருந்து இல்லையெனினும், மாத்திரைகளாலும் அறுவைச் சிகிச்சையாலும் வலியைத் தணிக்கலாம்.

அன்புப் பெற்றோரே, பள்ளிக்கும் வேலைக்கும் செல்லவிடாத வலி இயல்பானதன்று. வெட்கத்தாலோ, சிலுவையென்று எண்ணியோ காலந்தாழ்த்தாது, மகளை மகளிர் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.