கடைமடைக்காரர் யாரிடம் கேட்பார்?

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் தயவுசெய்து தூங்கிவிடாதீர்கள். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று வழிநெடுக வயலும் தென்னையும் கூடவே வரும். கம்பத்தை நெருங்கினால் திராட்சைப் பந்தல். நடுநடுவே, பெயின்ட் அடித்த கற்களும் கலர் கொடிகளும். மனை விற்பனைக்காம்!

1895-ல் முல்லைப்பெரியாறு அணை வந்த பிறகு, மேற்கே ஓடிய தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை இருபோக நெல் வயல் 14,707 ஏக்கர் என்பது அரசுக் கணக்கு. தண்ணீர் திறக்கும் அறிவிப்புகளில் வருஷா வருஷம் இதே எண்தான். கணக்கில் குறையாத வயல், கண்ணெதிரே குறைகிறது.

அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அங்கீகாரம் இல்லாத மனைகள் பாட்டுக்குப் பத்திரமாகிக்கொண்டே இருந்தன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. 2017-ல் அரசு ஒரு வழி சொன்னது: 20.10.2016-க்குள் பதிவான மனை என்றால், கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம். நஞ்சையை மனையாக்க கலெக்டரின் ஒப்புதலும் வேண்டும் என்றாகிவிட்டது.

வரன்முறையைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நகையை அடகு வைத்து இரண்டு சென்ட் வாங்கியவரை நடுத்தெருவில் விடமுடியுமா, சொல்லுங்கள்? ஆனால், ஃபைலில் வருவது அந்தந்த சர்வே நம்பர் மட்டும்தான். வயல் அப்படித் தனியாகப் பிழைப்பதில்லையே. மேல் வயல் குடித்த மிச்சம்தான் கீழ் வயலுக்கு.

என் பெரியப்பாவுக்குக் கடைமடையில் ஒன்றரை ஏக்கர். மேலே நாலு வயல் மனையாகிவிட்டது. வாய்க்கால் இருந்த இடத்தில் இப்போது செம்மண் ரோடு. புரோக்கர் வந்து, "அய்யா, சுத்தி எல்லாரும் குடுத்துட்டாங்க. நீங்க மட்டும் எதுக்குக் கஷ்டப்படுறீங்க?" என்றார்.

பெரியப்பா என்னிடம் சொன்னார்: "முன்னெல்லாம் தண்ணி வரலைன்னா மேல் வயக்காரன்கிட்ட சண்டை போடுவேன். ராத்திரியே மடையைத் திறந்துவிடுவான். இப்ப மனை வாங்கினவன் ஒருத்தன் திருப்பூர்ல, ஒருத்தன் துபாய்ல. நான் யார்கிட்டடா சண்டை போடுறது?"

என்னிடம் பதில் இல்லை. இந்தப் போகம் வாடகை மோட்டார் வைத்து நட்டிருக்கிறார். அடுத்த போகத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நீங்கள் மனை பார்க்கப் போனால் அப்ரூவல் நம்பரை அவசியம் கேளுங்கள். அப்படியே கீழே ரெண்டு வரப்பு இறங்கி நடந்து, அங்கே யாராவது நின்றால், "உங்களுக்குத் தண்ணி எந்தப் பக்கமா வருது?" என்றும் கேளுங்கள். அவர் உங்கள் மனையைக் கை காட்டினால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.