வயிற்றோட்டம் நின்ற பிறகு

மாரி பிறந்தால் வன்னியில் கிணறு நிறையும். கூடவே வயிறும் கலங்கும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை மறந்திருக்கமாட்டோம். வெள்ளம் வடிந்ததும் கிணறு இறைத்துக் குளோரின் போடுவதுதான் அப்படிப்பட்ட நேரத்தில் முதல் வேலை. அதையும் மீறி வயித்தாலை போகத் தொடங்கினால் என்ன செய்வது என்பது எல்லாருக்கும் தெரியும். ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைப் பைக்கற் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேணும். இரத்தம் போனாலோ, பிள்ளை சோர்ந்து கண் குழிவிழுந்தாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும்.

அதற்குப் பிறகு என்ன என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஓட்டம் நின்றுவிடும், ஆனால் வயிறு பழைய வயிறாக இராது. பால் தேத்தண்ணி குடித்தால் ஊதும். சாப்பாட்டைக் கண்டால் வெறுப்பு. குடலில் குடியிருந்த கோடானுகோடி பற்றீரியாக்களில் பெரும்பங்கை ஓட்டம் அடித்துக்கொண்டு போயிருக்கும். நுண்ணுயிர்கொல்லிக் குளிசையும் எடுத்திருந்தால் மிச்சத்திலும் பலவற்றை அது கொன்றிருக்கும். பாமசியில் கேட்டால் 'நல்ல பற்றீரியா' அடைத்த கப்சூலை எடுத்து நீட்டுவார்கள். விலை சும்மா இல்லை.

அந்தக் கப்சூலைப் பற்றி இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவக ஆய்வாளர்கள் 2018இல் ஒரு சங்கதி வெளியிட்டார்கள். நுண்ணுயிர்கொல்லி எடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பதினொரு வகைப் பற்றீரியா அடங்கிய மருந்தைக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரைச் சும்மா விட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களின் குடல் மூன்று வாரமளவில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்தது. மருந்து எடுத்தவர்களின் குடலில் புதியவை நன்றாக ஊன்றிக்கொண்டன. பழையவை திரும்பி வருவதோ மாதக்கணக்கில் தள்ளிப்போனது. ஆய்வில் ஆட்கள் குறைவு, அதை வைத்து எல்லாக் கப்சூலையும் தள்ளிவிட முடியாது. ஆனாலும் சொந்தக்காரர் வீடு திரும்புமுன் வெளியாரைக் கொண்டுவந்து குடியேற்றினால் என்ன நடக்கும் என்பதை வன்னியாருக்கு விளக்கத் தேவையில்லை.

பழையவை எங்கிருந்து வரும்? முற்றாக அழியாமல் குடலின் மூலைமுடுக்குகளில் கொஞ்சம் தப்பிக்கிடக்கும். குடல்வால் அப்படியொரு ஒளிப்பிடமாக இருக்கலாம் என்று 2007இல் டியூக் பல்கலைக்கழகத்தினர் கருத்துச் சொன்னார்கள். டாக்காவில் கொலராவிலிருந்து மீண்டவர்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு இன்னும் சுவையானது. கைக்குழந்தையின் குடலில் பற்றீரியாக்கள் எந்த ஒழுங்கில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேருமோ, ஏறத்தாழ அதே ஒழுங்கில்தான் அந்தப் பெரியவர்களின் குடலிலும் அவை திரும்பின. வயிற்றோட்டம் கண்டவரின் குடல் பச்சைப்பிள்ளையின் குடல் மாதிரி முதலிலிருந்து தொடங்குகிறது.

ஆக, வருகிறவற்றுக்குத் தீனி வேணும். இங்கேதான் எங்கள் கிழவிகளோடு எனக்கொரு வழக்கு உண்டு. "ரண்டு நாளைக்கு வயித்தைக் காயப்போடு" என்பார்கள். அது பிழை. ஓட்டம் இருக்கும்போதே சாப்பாடு கொடுக்கச் சொல்லித்தான் இன்றைய மருத்துவம் வற்புறுத்துகிறது. பால்குடிப் பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கஞ்சி நல்லது. அரிசி மாப்பொருள் குடலில் குளுக்கோசாகி, உப்பையும் நீரையும் தன்னோடு உள்ளே இழுத்துப்போகும். 2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் சனம் குடித்த கஞ்சியில் இருந்ததும் அரிசியும் உப்பும் தண்ணீரும்தான்.

மற்ற விசயங்களில் கிழவிகள் கெட்டிக்காரர். பாலை நிறுத்தித் தயிரைக் கொடுப்பார்கள். ஓட்டத்தில் குடற்சுவர் அடிபட்டால் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதியம் குறைந்துவிடும். தயிரில் உள்ள பற்றீரியா அந்த நொதியத்தைத் தானே கொண்டுவரும். அது குடலில் குடியிருக்க வருவதில்லை, வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். எருமைப் பாலைச் சுண்டக் காய்ச்சி, கைச்சூட்டுக்கு ஆறவிட்டு, உறைமோர் விட்டு மண்சட்டியில் மூடி வைத்தால், சட்டி தண்ணீரை உறிஞ்சி விடியும்போது கத்தியால் வெட்டலாம் போல இறுகியிருக்கும். மேலே ஆடை படிந்திருக்கும். வயிறு தேறாதவர் ஆடையை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவது நல்லது, கொழுப்பு கூட.

பிறகு பழஞ்சோறு. மொட்டைக்கறுப்பன் சோறு இரவு முழுக்கத் தண்ணீரில் ஆறிக்கிடக்கும்போது மாப்பொருளில் ஒரு பங்கு இறுகிச் சிறுகுடலில் செரியாததாகிவிடும். அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பற்றீரியாக்களுக்கு உணவாகும். அவை அதிலிருந்து ஆக்கும் பியூற்றிரேற் என்ற அமிலம் குடற்சுவரை வளர்க்கும், நீரை உறிஞ்சவும் உதவும். ஆனால் ஊறவிடும் தண்ணீர் கொதித்தாறியதாக இருக்கவேணும். வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரில் ஊறிய பழஞ்சோறு பழைய வருத்தத்தையே திருப்பிக் கொண்டுவரும். ஊறவிடுமுன் சோறு வெளியில் கனநேரம் கிடந்தாலும் ஆபத்து.

இந்தத் தீனி விசயத்தைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். டாக்காவின் மிர்பூர் சேரியில், குடற்பற்றீரியாக்களுக்கென்றே ஓர் உணவு தயாரித்து மெலிந்த குழந்தைகளுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள். முடிவு 2021இல் வந்தது. வழமையான சத்துணவைவிடக் கலோரி குறைவாக இருந்தும் இதில் பிள்ளைகள் கூடுதலாக நிறை வைத்தன. அதில் இருந்தவை கடலை, சோயா, கச்சான், பச்சை வாழைக்காய். வாழைக்காய் வளவுக்குள் நிற்கிறது. கச்சானுக்கு முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ்ஸை நிற்பாட்டினால் போதும். சின்னப்பிள்ளைக்கு என்றால் மட்டும் முழுக் கச்சான் வேண்டாம், தொண்டையில் சிக்கும். வறுத்து இடித்து மாவாக்கிக் கஞ்சியில் கலவுங்கள்.